பிரதமர் தானாகவே ஜனாதிபதி ஆகிவிடுவாரா?

கேள்வி: இலங்கையில் ஜனாதிபதி பதவிக்காலத்தின் நடுவில் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவர் யார்? பிரதமர் தானாகவே ஜனாதிபதி ஆகிவிடுவாரா?

ஆகமாட்டார். இடத்தைப் பார்த்துக்கொள்வார், அதுவும் கூடினால் ஒரு மாதத்துக்கு.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் செய்கிறவன். இந்தக் கேள்வி எனக்கு முதன்முதலில் வந்தது 2022 யூலை 20, புதன்கிழமை, ஓர் எரிபொருள் நிலையத்துக்கு வெளியே. முத்தையன்கட்டுத் தண்ணீரில் விதைத்த சிறுபோக நெல் முற்றிக்கொண்டிருந்தது. டீசலை நாங்களே கொண்டுவந்து கொடுத்தால்தான் வயலில் இறங்குவேன் என்று அறுவடை இயந்திரக்காரர் சொல்லிவிட்டார். பவுசர் வரும் என்ற நம்பிக்கையில் கான்களை வரிசையாக வைத்துவிட்டு மர நிழலில் இருந்தோம். ஒரு பொடியனின் கைத்தொலைபேசியில் பாராளுமன்ற வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் கான் வைத்திருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, ரணில்தான் போன கிழமையே சத்தியப்பிரமாணம் செய்துவிட்டாரே. பிறகு என்னத்துக்கு இன்னொரு வாக்கெடுப்பு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை இணையத்தில் தேடி வாசித்தேன். அந்தத் தமிழை வாசிப்பதைவிடக் களை பிடுங்குவது சுகம் என்பதையும் சொல்லவேண்டும்.

எங்கள் குழப்பத்துக்கு முதற்காரணம், எல்லா இடத்திலும் ஓர் உபதலைவர் இருப்பார் என்று நினைப்பதுதான். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே உபதலைவர் உண்டு. இந்தியத் தொலைக்காட்சி பார்த்துப் பழகிய எங்களுக்குத் துணைக் குடியரசுத் தலைவர் என்ற சொல்லும் பழக்கம். அமெரிக்காவில் துணை ஜனாதிபதி இருக்கிறார்; அவரும் இல்லையென்றால் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், செனட்டின் இடைக்காலத் தலைவர், பிறகு அமைச்சர்கள் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீண்ட பட்டியலே இருக்கிறது. இலங்கையில் உபஜனாதிபதி என்று ஒரு பதவியே கிடையாது. பதவி வெறுமையானால் மீதிக் காலத்துக்கு ஒருவரைப் பாராளுமன்றம் தெரிவுசெய்யவேண்டும் என்கிறது 40ஆம் உறுப்புரை. அதை இயன்றளவு விரைவாக, எப்படியும் ஒரு மாதத்துக்குள் செய்துமுடிக்கவேண்டும். அதுவரை பிரதமர் பதில் ஜனாதிபதி. அவரும் இல்லையென்றால், அல்லது அவரால் முடியாதென்றால், சபாநாயகர். பாடசாலைகளில் பதில் அதிபர்கள் ஆண்டுக்கணக்கில் இருப்பதைப் பார்த்த எங்களுக்கு, இந்த ஒரு மாதக் கெடு கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது.

பெரியவரின் கேள்விக்கு விடை அந்த யூலை மாதத்துக்குள்ளேயே இருந்தது. அப்போது பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க ஒரே கிழமைக்குள் இரண்டு முறை பதில் ஜனாதிபதியானார், இரண்டும் வேறு வேறு சட்டத்தின்படி. யூலை 13 அதிகாலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் போனார். தான் வெளிநாட்டில் இருக்கும் காலத்துக்குப் பிரதமரைப் பதிற்கடமைக்கு நியமித்தார். அது 37ஆம் உறுப்புரை. அப்போது கதிரை வெறுமையாகவில்லை, கோட்டாபயதான் இன்னும் ஜனாதிபதி. பெரியவர் தேநீர் குடிக்கப் போகும்போது தன் கானைப் பார்க்கச் சொல்லி என்னிடம் விட்டுப்போன மாதிரி. நான் கானை நகர்த்தலாம், ஆனால் அந்த இடம் என்னுடையது ஆகாது.

பிறகு கோட்டாபய சிங்கப்பூர் போய், 14ஆம் திகதி இரவு விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். ஜனாதிபதி விலகுவதென்றால் தன் கையெழுத்திட்ட எழுத்தைச் சபாநாயகருக்கு முகவரியிடவேண்டும். வாயால் சொன்னால் போதாது. கடிதம் உண்மையானதுதானா என்று பார்த்து, 15ஆம் திகதி சபாநாயகர் அதை அறிவித்த பிறகுதான் 40ஆம் உறுப்புரை வேலை செய்யத் தொடங்கியது. அன்று பிரதம நீதியரசர் முன்னிலையில் ரணில் செய்த சத்தியப்பிரமாணம் இந்த இரண்டாவது பதிற்கடமைக்கானது. பெரியவர் செய்தியில் பார்த்தது அதைத்தான். (யூலை 9ஆம் திகதி கட்சித் தலைவர்கள் கூடி, ஜனாதிபதி, பிரதமர் இருவருமே விலகவேண்டும் என்று கேட்டதன் கணக்கும் இப்போது விளங்கும். இருவரும் போயிருந்தால் பொறுப்பு சபாநாயகரிடம் போயிருக்கும்.)

இனி அந்த வாக்கெடுப்பு. போட்டியிடுகிறவர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்கவேண்டும். மக்கள் வாக்கில் அப்படி ஒரு கட்டாயமில்லை. 2019இல் வென்ற கோட்டாபய உறுப்பினராக இருந்ததில்லை. வாக்கு இரகசியமானது. 1, 2, 3 என்று விருப்பத்தை இலக்கமிட்டுக் காட்டவேண்டும், அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதிக்கு மேல் பெறவேண்டும். அன்று 225 பேரில் 223 பேர் வாக்களித்தார்கள், 4 செல்லுபடியற்றவை. ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. 2020 தேர்தலில் ரணிலின் கட்சி ஒரு மாவட்டத்தில்கூட ஆசனம் பெறவில்லை. நாடளாவிய மொத்த வாக்குக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தில் உள்ளே வந்தவர் ஜனாதிபதியாகிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சட்டப்படி அதில் ஒரு ஓட்டையும் இல்லை. மூன்று வாக்கு வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து மக்களிடம் போய் வென்றது வேறு கதை.

இதற்கு முன் இப்படி நடந்தது ஒரே ஒரு முறை. 1993 மே தின ஊர்வலத்தில் ரணசிங்க பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். வன்னியில் அப்போது மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்பா சைக்கிள் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாடிய ரேடியோவில்தான் செய்தி கேட்டோம். பிரதமர் டி.பி. விஜேதுங்க பதில் ஜனாதிபதியானார், மே 7 அன்று பாராளுமன்றம் அவரை ஏகமனதாகத் தெரிவுசெய்தது. போட்டி இல்லாததால் பிரதமர்தான் தானாக மேலே போனார் என்ற எண்ணம் எங்கள் மனதில் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

குற்றப்பிரேரணையால் நீக்கினாலும் அதற்குப் பிறகு இதே வழிதான். அந்த நீக்கம் மிகக் கடினம்: மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு, இடையில் உயர் நீதிமன்ற விசாரணை, பிறகு மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு.

இரண்டு நாள் கழித்து அதே பெரியவரைக் கண்டு இவ்வளவையும் சொன்னேன். அவர் கணக்குப் பார்த்தார். வன்னி தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, ஆறு உறுப்பினர்கள். கிளிநொச்சியின் வாக்கு யாழ்ப்பாணத்தோடு சேரும். "அப்படியானால் 2020இல் நான் போட்ட வாக்கு ஜனாதிபதிக்கும் சேர்த்துத்தான். எங்கள் ஆறு பேரும் யாருக்குப் போட்டார்கள்?" என்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டலஸை ஆதரிப்பதாக அறிவித்திருந்தது என்றேன். "அது அறிவிப்பு. சீட்டில் என்ன எழுதினார்கள் என்று கேட்கிறேன்" என்றார். இரகசிய வாக்கு, ஐயா.

இதை எழுதும்போது அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி, ஹரிணி அமரசூரிய பிரதமர். இடையில் பதவி வெறுமையானால் ஹரிணி பதில் ஜனாதிபதி, அவர் இல்லையென்றால் சபாநாயகர். அதற்குக் கீழே 40ஆம் உறுப்புரையில் வேறு பெயர் இல்லை. பாராளுமன்றம் தெரிவுசெய்பவருக்கும் புதிதாக ஐந்து வருடம் கிடைக்காது. 2024இல் தொடங்கிய காலத்தில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான்.