ஊதி அணைக்காதே! – திகில் படக் கேள்வி-பதில்

அமெரிக்காவில் பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் அக்டோபர் 31 ஹாலோவீன் இரவை வைத்து எடுத்த ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ படத்தைப் பற்றியும், அதுபோல ஒன்றைத் தங்கள் ஊரில் எடுப்பதைப் பற்றியும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில்.

‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ 2007 படமா, 2009 படமா? வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா? (கீழக்கரை வாசகர்)

இரண்டு ஆண்டும் சரிதான். மைக்கேல் டோஹெர்ட்டி எழுதி இயக்கிய படத்தை 2007 டிசம்பரில் ஒரு திரைவிழாவில் காட்டினார்கள். தியேட்டர் வெளியீடு தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 2009 அக்டோபரில் நேரே டிவிடியாக வந்தது. ஓடும் நேரம் 82 நிமிடம். டோஹெர்ட்டி 1996இல் கையால் வரைந்து செய்த ஒரு அனிமேஷன் குறும்படம்தான் இதற்கு விதை.

பிள்ளைகளோடு வேண்டாம். சாக்கு முகமூடி போட்ட சாம் என்ற சின்ன உருவத்தைப் பார்த்துச் சிறுவர் படம் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளே சாகும் படம் இது. அமெரிக்காவில் ‘ஆர்’ சான்று பெற்றது, அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்.

அக்டோபர் 31க்கும், நாங்கள் நவம்பர் 2இல் கொண்டாடும் கல்லறைத் திருநாளுக்கும் தொடர்பு உண்டா? (தங்கச்சிமடம் வாசகி)

நெருங்கிய தொடர்பு உண்டு. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், 2 இறந்தோர் நினைவு நாள். புனிதர் திருநாளுக்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். அதற்கும் முன்பு அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளாக ‘சவின்’ என்ற பழைய கெல்டிக் விழா இருந்தது. படத்தில் வரும் சாமின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி ‘ஆன்ம அப்பம்’ வாங்கி உண்டார்கள். பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வாசல் ஏறும் வழக்கத்துக்கு அதையும் ஒரு வேராகச் சொல்வார்கள். நீங்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் அதே மூன்று நாள் வட்டத்தின் முதல் மாலை அது. அமெரிக்காவில் வேடமும் மிட்டாயும் கூடிப்போனது, அவ்வளவுதான்.

படத்தில் நான்கு கதைகளை எப்படிக் கோத்திருக்கிறார்கள்? நாங்கள் 40 நிமிடத்தில் ஒன்று எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். (பாம்பன், கல்லூரி மாணவர்கள்)

படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். முடிச்சுகளை அவிழ்க்காமல் இதை விளக்க முடியாது.

பல கதைத் திகில் படங்கள் பெரும்பாலும் ஒரு சட்டகம் போட்டுக்கொள்ளும். நாலு பேர் ஓரிடத்தில் கூடி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்த வகையில் பெயர்பெற்றது 1945இல் வந்த பிரிட்டிஷ் படம் ‘டெட் ஆஃப் நைட்’. டோஹெர்ட்டி சட்டகத்தைத் தூக்கிவிட்டு, எல்லாக் கதைகளையும் ஒரே ஊரில் ஒரே இரவில் நடக்கவிட்டார். ஒரு கதையின் நாயகன் இன்னொரு கதையில் தெருவில் நடந்துபோகிறவன். பள்ளி முதல்வர் தன் வீட்டுக் கொல்லையில் பிணத்தைப் புதைக்கும்போது பக்கத்து வீட்டுக் கிழவர் ஜன்னலில் நின்று உதவி கேட்டுக் கத்துகிறார். முதல்வர் கண்டுகொள்வதில்லை. நாமும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். கிழவரின் கதை கடைசியில் வரும்போதுதான் அந்தக் கூச்சலுக்குக் காரணம் தெரிகிறது. தொடக்கத்தில் வரும் கொலையும் முடிவில் வேறு பக்கத்திலிருந்து திரும்ப வருகிறது.

எழுதும் முறைக்கு வருவோம். திரைக்கதையைத் தொடுவதற்கு முன் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மாலை 6 மணி முதல் விடிகாலை 5 மணி வரை அரை மணிக்கு ஒரு வரிசை. மேலே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பத்தி. ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று நிரப்புங்கள். ஒரே வரிசையில் இரண்டு பேர் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே கதைகளைத் தைக்கலாம். 40 நிமிடத்துக்கு இப்படி மூன்று தையல் போதும். அதற்கு மேல் போனால் பார்ப்பவர் கதையை விட்டுவிட்டுக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று வையுங்கள். நான்கு கதை வேண்டாம், மூன்று எடுங்கள்: 12, 12, 14 நிமிடம், மீதி முன்னும் பின்னும்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தையல் காட்சியை இரண்டு கதைக்கும் தனித்தனி நாளில் எடுப்பார்கள். முதல் நாள் சட்டை முழுக்கை, இரண்டாம் நாள் மடித்துவிட்ட கை. அந்தக் காட்சியை மட்டும் ஒரே இரவில், இரு பக்கத்துக் கோணத்தையும் சேர்த்து எடுத்து முடித்துவிடுங்கள். கரையில் எடுத்தால் ஏத்த வத்தத்தையும் (கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தையும்) கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 8 மணிக் காட்சியில் தண்ணீரில் மிதந்த வள்ளம், 8.05 மணிக் காட்சியில் மணலில் கிடக்கக் கூடாது.

பூசணி, மிட்டாய், மாறுவேடம் எல்லாம் நம் ஊரில் ஒட்டுமா? (தேவிபட்டினம் வாசகர்)

ஒட்டாது. ஒட்டவைக்கவும் வேண்டாம். அந்தப் படம் பயமுறுத்துவது பூசணியால் இல்லை, விதிகளால். வேடம் போடு, வருகிறவருக்கு மிட்டாய் கொடு, நள்ளிரவுக்கு முன் விளக்கை அணைக்காதே, மிட்டாயைச் சோதித்துப் பார். இவற்றை மீறுகிறவர் மாட்டுகிறார். தொடக்கக் காட்சியில் ஒரு பெண் அலுப்பில், குடைந்த பூசணிக்குள் எரியும் விளக்கை ஊதி அணைக்கிறாள், அவள் கதை முடிகிறது. வருகிறவர்களை விரட்டியடிக்கும் கிழவரிடம் சாம் வருகிறான். சண்டையில் அவர் மேல் கிடந்த சாக்லேட்டை எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். மிட்டாய் கொடுத்த கணக்காகிவிட்டது!

விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று நம் வீட்டில் சொல்லாத பாட்டி உண்டா? பூவால் குளிரவைக்கத்தானே சொல்வார்கள். உங்கள் ஊருக்கு ஒரு கார்த்திகை இரவு போதும். சொக்கப்பனை, வாசல் விளக்கு, பிள்ளைகள் சுற்றும் மாவளி. மூன்று விதி வையுங்கள், மூன்றையும் மூன்று கதையில் ஒவ்வொருவர் மீறட்டும். விதியை முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் தண்டனை நியாயமாகத் தெரியாது.

மாவளியை எடுக்கும்போது நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/25 வையுங்கள். வழக்கமான 1/50ஐ விடத் தீப்பொறிக் கோடு இரு மடங்கு நீளும். ஓலைக் கூரையும் வலைக் குவியலும் இருக்கும் பக்கம் சுற்றவிடாதீர்கள்.

சாமின் முகமூடி போலச் சாக்கில் தைத்துத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். எப்படிச் செய்வது? (மண்டபம், தையல்காரர்)

பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், சணல் சாக்கு எடுங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசி வெயிலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வாடையும் தூசியும் போட்டிருப்பவரை இருமவைத்துவிடும். இளைப்பு உள்ளவருக்கு மாட்டவே கூடாது.

தலையின் அகலமான சுற்றை அளந்து அதோடு 10 செ.மீ. சேருங்கள். உள்ளே மல் துணி லைனிங், கண், மூக்கு, வாய்க்கு நேரே மட்டும் லைனிங்கை வெட்டிவிடுங்கள். பட்டன் கண்ணைப் பார்வைக்கு நேரே தைத்தால் நடிகர் குருடாகிவிடுவார். ஒரு விரற்கடை மேலே தையுங்கள். அதன் கீழே சாக்கின் நூலை ஒன்று விட்டு ஒன்று உருவினால் உள்ளிருந்து தெரியும், வெளியே தெரியாது. கழுத்தை நாடா போட்டுக் கட்டாதீர்கள். அவசரத்துக்கு ஒரே இழுப்பில் கழலும்படி பின்பக்கம் வெல்க்ரோ வையுங்கள்.

பள்ளி நாடகத்துக்குப் பூசணி விளக்கு. போன முறை இரண்டு நாளில் அழுகிவிட்டது. (உச்சிப்புளி ஆசிரியை)

நம் வெக்கைக்கும் ஈரக் காற்றுக்கும் இரண்டு நாள் நின்றதே பெரிது. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவுக்குப் போனபிறகுதான் பூசணி வந்தது, அங்கே அந்த மாதம் குளிர்.

சர்க்கரைப் பூசணியில் 4 அல்லது 5 கிலோ காயாக, காம்பு காயாததாகப் பாருங்கள். மூடியை மேலே வெட்டாமல் அடியில் வெட்டுங்கள், காய் விளக்கின் மேல் கவிழ்ந்து உட்காரும். நார், விதை போனபின் முகம் வரும் பக்கத்தை மட்டும் இரண்டரை செ.மீ. கனத்துக்குச் சுரண்டுங்கள். அதைவிடத் தடிமனாக இருந்தால் வெளிச்சம் வராது, மெலிந்தால் மறுநாள் வாய் தொங்கிவிடும். வெட்டிய ஓரமெல்லாம் வாஸலின். மெழுகுவர்த்தி வேண்டாம், உள்ளே வேகவைத்துவிடும். பேட்டரி எல்இடி போதும். நாடகத்தன்று காலையில் குடைவதே நல்லது. ஒத்திகைக்குத் திருஷ்டிப் பூசணியில் வரைந்த முகமே போதுமே!

கடற்கரையில் வசனமே கேட்பதில்லை. என்ன செய்யலாம்? (தொண்டி வாசகர்)

ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும், உங்கள் பக்கத்து வடகடல் (பாக் விரிகுடா) இரையும். அந்த மாதங்களில் பாம்பனுக்குத் தெற்கே தென்கடல் (மன்னார் வளைகுடா) கரை பெரும்பாலும் அமைதி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் இதுவே தலைகீழ். எனவே மாதத்தைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்.

மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் போதாது, மேலே ரோம உறை வேண்டும். ஜெனரேட்டரை முப்பது மீட்டருக்கு அப்பால், காற்று உங்களிடமிருந்து அதை நோக்கிப் போகும் பக்கம் வையுங்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர்களை வேனுக்குள் உட்காரவைத்து அதே வசனத்தை ஒருமுறை பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். சூடு ஆறுவதற்குள் செய்தால் உதடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவை அரை மணி பையிலேயே விடுங்கள், இல்லையேல் லென்ஸ் வியர்க்கும்.

தனுஷ்கோடி இடிபாடுகளில் இரவில் எடுக்க ஆசை. (ராமேஸ்வரம் வாசகர்)

இரவில் அங்கே தங்க விடமாட்டார்கள். பகலில் எடுத்து இரவாக மாற்றலாம், அதற்கும் முன்அனுமதி வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வழக்குத்தான். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்க முடியாது.

அனுமதியே கிடைத்தாலும் ‘பேய் நகரம்’ என்று எடுக்காதீர்கள் என்போம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயிலோடு போனவர்களும் ஊரோடு போனவர்களும் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் அந்தக் கரையில் மீன் விற்கிறார்கள்.

ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைப்பது உண்மையில் நடக்குமா? (வாலிநோக்கம் வாசகி)

முன்பின் தெரியாதவர் வைத்தார் என்பது பெரும்பாலும் வதந்தி. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல ஆண்டுச் செய்திகளைத் தேடியும், அப்படி ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1974இல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. வைத்தவர் அவனுடைய அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக.

சினிமா ரத்தம் செய்யும் அளவு? (முந்தல் வாசகர்)

இரண்டு டம்ளர் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர், கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்குங்கள். ஆறியதும் சிவப்பு ஃபுட் கலர் ஒரு தேக்கரண்டி, வெந்நீரில் கரைத்த கோகோ ஒரு தேக்கரண்டி, நீலக் கலர் ஒரே சொட்டு. கோகோ இல்லாவிட்டால் கேமராவில் ரோஸ் மில்க் மாதிரி தெரியும். துணியில் படுவதற்கு மட்டும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் கறை எளிதில் போகும், அந்தக் கலவை வாய்க்கும் கண்ணுக்கும் ஆகாது. மணலில் கொட்டினால் பத்து நிமிடத்தில் எறும்பு. தரையில் படுக்கும் நடிகருக்கு அடியில் தார்ப்பாய் விரியுங்கள்.