மடி டிக்கெட்டா, தனி சீட்டா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். டாலஸுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. டிசம்பரில் லீவு போட்டுச் சென்னை போய், மனைவியையும் எட்டு மாத மகளையும் வளைகுடா வழியாக அழைத்து வரப்போகிறீர்கள். குழந்தைக்குத் தனி சீட் வாங்க வேண்டுமா, மடியில் வைத்து வரும் மடி டிக்கெட்டும் விமானத்தின் முன்சுவரில் மாட்டும் பாசினெட் என்ற தொட்டிலும் போதாதா, நண்பர் சொன்ன, சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தை நிரப்பும் காற்றடிக்கும் மெத்தை நல்லதா, சென்னையில் தள்ளுபடியில் கிடைக்கும் கார் சீட்டை வாங்கி வரலாமா என்று நான்கு கேள்விகள். "கையில பிடிச்சிக்கிட்டா போதாதா, நாங்க எல்லாம் பிள்ளை வளர்க்கலையா" என்று உங்கள் அம்மா கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். என் மாமியாரும் இதையேதான் கேட்டார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சென்னையில் வாங்காதீர்கள். அமெரிக்காவில் காரில் மாட்டும் குழந்தை இருக்கை எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்ற இந்த ஊர் விதிப்படி சான்று பெற்றிருக்க வேண்டும். இந்தியாவில் விற்பவை பெரும்பாலும் ஐரோப்பியத் தரத்தில் வருபவை. அவை மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் இங்கே சாலையில் அவை செல்லாது. டெக்சாஸில் 8 வயது வரை, 4 அடி 9 அங்குல உயரத்தைத் தாண்டாத பிள்ளை கார் சீட்டில்தான் உட்கார வேண்டும். அதாவது ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் அரை மணி நேரத்துக்கே உங்களுக்கு அது தேவை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு தி.நகர் போய் வந்தவர்களுக்கு இது மனதில் ஏறக் கொஞ்ச நாள் ஆகும். எனக்கும் ஆனது.

அதனால் கார் சீட்டை இங்கேயே வாங்கிச் சென்னைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது கூடக் குழந்தை இல்லாததால் அதை இலவசமாக ஏற்ற மாட்டார்கள். உங்கள் பெட்டிகளில் ஒன்றாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடை அட்டைப்பெட்டியிலேயே வைத்து, இடைவெளியில் டயபரைத் திணித்துவிட்டால் அடிபடாமல் போய்ச் சேரும். வாங்கும்போது பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மோட்டார் வாகனங்களிலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் விமானத்துக்கு ஆகாது. இடுப்பு உயர்த்தும் பூஸ்டர் வகைக்கு அந்தச் சான்று கிடையாது.

சரி, இப்போது மடி விஷயம். இரண்டு வயதுக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த விதி இன்னும் ஏன் இருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் அதை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைட்டெட் 232 விமானம் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் அவசரமாக இறங்கும்போது நொறுங்கியது. அதில் நான்கு மடிக் குழந்தைகள் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோர்களுக்குச் சொன்னார். ஒரு குழந்தை இறந்துவிட்டது. அதன் பிறகு, குழந்தைகளுக்குத் தனி இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் பல வருடம் போராடினார். விபத்து விசாரிக்கும் வாரியமும் அதையே பரிந்துரைத்தது. அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறை 2005-இல் மறுத்துவிட்டது. சொன்ன காரணம் விசித்திரமானது: கூடுதல் டிக்கெட் வாங்கச் சொன்னால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் கிளம்பிவிடும், சாலையில் இன்னும் அதிகக் குழந்தைகள் சாவார்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது நாடு முழுவதற்கும் போட்ட கணக்கு. சென்னையிலிருந்து டாலஸுக்கு யாரும் காரில் வரப்போவதில்லை. மடி பத்திரம் என்று அந்தத் துறையே சொல்வதில்லை. தனி இருக்கையில் கட்டி உட்கார வையுங்கள் என்றுதான் இன்றும் வலியுறுத்துகிறது.

விபத்தை விடுங்கள், அது அபூர்வம். விமானம் குலுங்குவது அபூர்வம் இல்லை. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியபோது 4.6 விநாடியில் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் எழும்பி மேல்கூரையில் மோதினார்கள். பெரியவர்களுக்கே அந்தக் கதி என்றால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மாவின் கை எதைப் பிடிக்கும்?

பாசினெட் பற்றி என் அனுபவம். என் மூத்த மகனை, அவனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, முதல் தடவையாக அழைத்து வந்தேன். மடி டிக்கெட், முன்சுவர் வரிசை, பாசினெட், எல்லாம் கிடைத்தது. வெற்றி என்று நினைத்தேன். வளைகுடாவிலிருந்து இங்கே 16 மணி நேரம். பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் தூங்கும் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். அதுதான் விதி, பணிப்பெண் மேல் தப்பில்லை. நான் எண்ணியவரை ஒன்பது தடவை. ஆறாவது தடவைக்குப் பிறகு அவன் தூங்கவே இல்லை, நானும்தான். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒரு மணி நேரம் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்; அவர் நன்றாக இருக்கட்டும். பாசினெட் பிள்ளை காலை நீட்டித் தூங்க ஒரு வசதி, அவ்வளவுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் குலுங்கும்போதும் அதில் பிள்ளை இருக்கக் கூடாது. எடை வரம்பும் உண்டு, பல விமானங்களில் 10, 11 கிலோ. உங்கள் மகள் கொழுகொழுவென்று இருந்தால் டிசம்பருக்குள் அதை நெருங்கிவிடுவாள்.

மடியில் வைத்தால் உங்கள் பெல்ட்டோடு கோத்து ஒரு சின்ன பெல்ட் தருவார்கள். ஐரோப்பாவில் அது கட்டாயம்; அமெரிக்க விமானங்களில் ஏறி இறங்கும்போது அதற்கு அனுமதியே இல்லை. பலமான மோதலில் பெரியவர் உடம்பு முன்னால் மடங்கிக் குழந்தையை நசுக்கிவிடும் என்பதுதான் அமெரிக்கர்களின் பயம். குலுங்கும்போது பிள்ளை மேலே பறக்காமல் அது தடுக்கும். ஆகவே மடி டிக்கெட்டோடு வர நேர்ந்தால் கேட்டு வாங்கி, அந்த விமானத்தில் அனுமதிக்கும் நேரமெல்லாம் போட்டே வையுங்கள்.

நண்பர் சொன்ன காற்று மெத்தை எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். மெத்தென்ற பரப்பில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. பெரிய பிள்ளைகள் கால் நீட்ட அது உதவும், அதையும் சில விமானங்கள் அனுமதிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு, முன் சீட்டின் தட்டுப்பலகையில் தொங்கவிடும் துணி ஊஞ்சல். படத்தைப் பார்த்தால் நம்ம ஊர்த் தூளி மாதிரியே இருக்கும், மனசு மயங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பலகையை மூடி வைக்க வேண்டும், அப்போது தூளி எங்கே தொங்கும்? தோள்பட்டைக்கும் சேர்த்துக் கட்டும் கேர்ஸ் பெல்ட் நல்ல சாமான்தான். ஆனால் அது 10 முதல் 20 கிலோ வரை உள்ள, தானாக நிமிர்ந்து உட்காரும் பிள்ளைகளுக்கு. அடுத்த வருடங்களில் ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, தனி சீட், அதில் கார் சீட். செலவு வலிக்கும்: மடிக்குப் பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கும் வரியும் என்றால், தனி சீட்டுக்குப் பெரும்பாலும் முக்கால் பங்கு. டிசம்பர் விலையில் அது சின்னத் தொகை இல்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தால் தருவார்கள் என்று நம்பி வராதீர்கள், அந்த மாதத்தில் காலி சீட் கிடையாது. எங்கள் இரண்டாவது குழந்தையான மகளுக்குத் தனி சீட் வாங்கினோம், பத்து மாதம் அப்போது. காரில் பழகிய அதே சீட், அதே வாசனை. ஆறு மணி நேரம் ஒரே தூக்கம். அந்தப் பணத்தை நான் ஒரு நாளும் நினைத்து வருந்தியதில்லை. உங்கள் மகளுக்கு அது புது சாமான் என்பதால் சென்னையில் பத்து நாளாவது வீட்டில் உட்கார வைத்துப் பழக்குங்கள்.

சீட்டைப் பதிவு செய்த உடனே ஏர்லைனுக்குக் கார் சீட்டின் மாடல், அகலம், பின்பக்கம் பார்த்து வைக்கலாமா என்பதையெல்லாம் எழுதிக் கேட்டுப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. எங்களை ஒரு செக்-இன் கவுண்டரில் "இதெல்லாம் உள்ளே கொண்டுபோகக் கூடாது" என்று நிறுத்தினார்கள். அந்தக் காகிதம்தான் காப்பாற்றியது. எமர்ஜென்சி வழிக்குப் பக்கத்து வரிசைகளில் வைக்க விட மாட்டார்கள். முன்சுவர் வரிசையும் வேண்டாம், அங்கே கைப்பிடி தூக்க வராது, அகலம் இடிக்கும். சாதாரண வரிசையில் ஜன்னலோரம் சரியான இடம். பின்பக்கம் பார்த்து வைத்த கார் சீட் இடிப்பதால் முன்னால் இருப்பவரால் தன் சீட்டைச் சாய்க்க முடியாது, முறைப்பார். மனைவியை அந்த முன் சீட்டில் உட்கார வைத்தால் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

அப்புறம், பிள்ளை உட்காரும்போது தடித்த ஜாக்கெட் போடாதீர்கள், பெல்ட் இறுகாது. மெல்லிய சட்டை, மேலே போர்வை. மார்புக் கிளிப் அக்குள் உயரத்தில் இருக்கட்டும். தலை முன்னால் தொங்கி நாடி நெஞ்சில் முட்டுகிறதா என்று தூக்கத்திலும் எட்டிப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்க ஏதாவது கொடுங்கள், காது அடைப்புக்கு.

விமானத்தில் மாட்டுவது இடுப்பு பெல்ட்டால் மட்டுமே. காரில் இருக்கும் கொக்கிகள் அங்கே கிடையாது. கிளம்பும் முன் உங்கள் காரிலும் பெல்ட்டால் நான்கு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். இங்கே பயிற்சி பெற்ற கார் சீட் டெக்னீஷியன்கள் பல ஊர்களில் இலவசமாகப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் முதல் தடவை அதை மாட்டக் கற்றுக்கொண்டது ஏர்போர்ட் பார்க்கிங்கில், ஜனவரிக் குளிரில், ஒரு கையில் அழும் பிள்ளையோடு.