பதினெட்டில் எத்தனை உயிர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குளியலறைக் கூரையின் நான்கு மூலைகளிலும் மெல்லிய நீளக்கால் சிலந்திகள். டாடி லாங்லெக்ஸ் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 18. சுவரெல்லாம் பூச்சி மருந்து அடித்தேன். இரண்டு வாரம் கழித்தும் பாதிக்கு மேல் அசையாமல் அதே இடத்தில் தொங்குகின்றன. உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் குட்டை என்பதால் நாம் பிழைத்தோம் என்று படித்தேன். என் மகளோ காலைப் பிடித்துத் தூக்கி விளையாடுகிறாள். ஒன்று வாயில் எதையோ உருண்டையாகக் கவ்விக்கொண்டு நாள்கணக்கில் அப்படியே இருக்கிறது. எந்த மருந்து அடித்தால் ஒழியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீட்டுப் பூச்சிகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ஏன் எப்போதும் ஓர் எண்ணைச் சொல்லித் தொடங்குகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசனை. உங்கள் கடிதத்தில் 18 வந்து நின்றது. அதனால்தான் பதில்.

விஷக் கதையை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். அது வெறும் புரளி. 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒருவர் இவற்றினிடையே கையை விட்டுக் கடி வாங்கினார். லேசான எரிச்சல், அதுவும் சில நொடிதான். பல்லும் தோலைத் துளைக்கிறது, விஷமும் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அந்தப் பெயரும் ஒரு குழப்பம். இடுப்பே இல்லாமல் ஒரே உருண்டையாக உடம்பும் இரண்டே கண்ணும் கொண்டு, நூல் நூற்கவே தெரியாத இன்னொரு பிராணியையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அது சிலந்தியே அல்ல. அதற்கு விஷச் சுரப்பியும் கிடையாது. இறக்கையுள்ள ஒரு நீளக்கால் ஈக்கும் அதே பெயர். உங்கள் கூரையில் இருப்பது வலை கட்டுகிறது, ஆகவே சிலந்தி.

இப்போது அந்தப் பதினெட்டுக்கு வருகிறேன். இரண்டு வாரமாக அசையவில்லை என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த மருந்து எது என்றும் நீங்களே கேட்கிறீர்களே, அந்த இரண்டு வாரத்தில் ஒருமுறையாவது ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தீர்களா?

இந்தச் சிலந்தி பெரிதாவதற்குள் ஏறக்குறைய ஐந்து முறை தோல் உரிக்கிறது. தலைகீழாகத் தொங்கியபடி, முதுகின் முன்பக்க ஓடு மூடிபோலத் திறக்க, ஒவ்வொரு காலையும் காலுறையிலிருந்து உருவுவதுபோல உருவி எடுக்கும். உடம்பு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, காலோ அதைப்போல ஐந்தாறு மடங்கு. உருவுவதில் ஒரு கால் சிக்கினால் அந்தக் கால் போனதுதான். உரித்த தோல் எட்டுக் காலோடும் முழுசாக வலையிலேயே தங்கிவிடுகிறது. கீழே நின்று பார்த்தால் அதுவும் ஒரு சிலந்தி. ஒரே ஒரு சிலந்தி இப்படித் தன்னைப்போல ஐந்து உருவங்களைத் தொங்கவிட்டிருக்கலாம்.

கிட்டத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தோல் என்றால் ஒளி ஊடுருவும், ஓட்டு மூடி திறந்திருக்கும், வயிறு இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய சவ்வு ஒன்று மட்டும். ஈரமான இடமாக இருந்தால் இன்னொரு வகையும் உண்டு: உடம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு பூத்து, கால்களைக்கூட மூடியிருக்கும். அது பூஞ்சை பிடித்துச் செத்தது. மூன்றாவதாக, இது பிடித்துத் தின்ற வேறு சிலந்திகளின் கூடுகள், நூல் சுற்றிய பொட்டலங்களாக. இவற்றையெல்லாம் எண்ணினால் 18 வராமல் என்ன செய்யும்?

உயிருள்ளது எது என்று அறிய லேசாக ஊதினாலே போதும். தொந்தரவு பட்டதும் அது வலையிலேயே உடம்பைச் சுழற்றும். கண்ணுக்கு உருவம் கலைந்து ஒரு மங்கல் மட்டும் தெரியும் அளவுக்கு வேகம். தோல் காற்றில் ஆடும், சுழலாது. ஊதிப் பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணுங்கள்.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பது இதிலேயே இருக்கிறது. சுவரில் அடித்த மருந்து சுவரில் நடப்பவற்றுக்கு. இது கால் நுனிகளால் நூலைப் பற்றி அந்தரத்தில் தொங்குகிறது, மருந்தின் மேல் கால் வைப்பதே அபூர்வம். நேராக மேலே பீய்ச்சினால் சாகும்தான். தோலின் மேல் பீய்ச்சி என்ன பயன்?

இதன் வலையில் பசை கிடையாது. தடுமாறி மாட்டிய பூச்சியின் மேல் எட்ட நின்றே பின்னங்காலால் நூலை வீசிச் சுற்றிவிட்டுத்தான் கடிக்கும். நீளக் கால் இருப்பதால் எதிரியின் பல் இதன் உடம்புக்கு எட்டாது. அதனால்தான் தன்னைவிடப் பெரிய சிலந்தியையும், நாம் நிஜமாகவே பயப்பட வேண்டிய கறுப்பு விதவை வகைச் சிலந்திகளையும்கூட வீழ்த்துகிறது. பிறர் வலைக்குள் போய் நூலைச் சுண்டி, இரை சிக்கியதுபோல ஏமாற்றி வரவழைக்கிற சாமர்த்தியமும் உண்டு.

ஒரு குறை மட்டும் நியாயமானது: ஒட்டடை. தோட்டத்தில் வட்ட வலை பின்னும் சிலந்தி பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிது கட்டும். இது பழசின் மேலேயே புது நூலை இழுத்துக்கொண்டு போகும், தூசி அதில் படியும். ஒட்டடைக் கொம்பை உலர்ந்தபடியே பயன்படுத்துங்கள். ஈரத் துடைப்பம் நூலைச் சுவரோடு அப்பிவிடும். தேய்க்காமல், வலையின் விளிம்பிலிருந்து மூலையை நோக்கிக் கொம்பை உருட்டிச் சுற்றினால் தோலும் தூசியும் மொத்தமாகச் சுருண்டு வரும். சுவரில் உள்ள புள்ளிகள் அதன் எச்சம், ஈரத்துணியால் போய்விடும். திரும்ப வரக் கூடாது என்றால் ஈரத்தைக் குறையுங்கள், ஜன்னலுக்கு வலையடியுங்கள், இரவில் விளக்கை அணையுங்கள். பூச்சி வராத மூலையில் அது பட்டினி கிடக்காது, இடம் மாறிவிடும்.

அந்த உருண்டை? முட்டைகள். இரண்டு மூன்று இழை நூலால் மட்டும் கட்டியிருப்பதால் ஒவ்வொன்றாக எண்ணலாம், இருபது முப்பது இருக்கும். பொரிய இரண்டு மூன்று வாரம். அதுவரை தாய் வாயிலேயே வைத்திருப்பாள், வாய் நிறைந்திருப்பதால் சாப்பாடும் அநேகமாக இல்லை. பொரிந்த குஞ்சுகள் சில நாள் அவள் பக்கத்திலேயே தொங்கும். அந்த மூலையை மட்டும் ஒரு மாதம் கொம்பு தொடாமல் விடுங்கள், எஸ்.

மகளுக்கு ஆபத்தில்லை. காலைப் பிடித்தால் அது காலைக் கழற்றிவிட்டு ஓடும். தோல் உரிக்கும் வயது தாண்டிவிட்டால் அந்தக் கால் திரும்ப முளைக்காது. ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடி, கீழே கெட்டி அட்டையை மெதுவாகச் செருகித் தூக்கக் கற்றுக்கொடுங்கள். விளிம்பில் கால் எதுவும் நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எட்டு இருக்கின்றன.

அன்புடன்.