ரயிலில் போகும்போது போன் சார்ஜ் ஏன் சட்டென்று இறங்குகிறது?

வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்தும் ரயிலில் சார்ஜ் நிற்கவில்லை என்கிறீர்கள். அவை சும்மா இருக்கும்போது பெரிதாக ஒன்றும் தின்பதில்லை. சார்ஜை விழுங்குவது மொபைல் சிக்னல்தான்.

டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசினாலே போதும். தள்ளிப் போகப் போகக் கத்த வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் சுமார் 200 மில்லிவாட் வரை அலைபரப்பும். அதற்காகப் பேட்டரியிலிருந்து இழுப்பதோ பல மடங்கு. ரயிலில் டவர் மாறிக்கொண்டே இருக்கும். சிக்னலே இல்லாத இடத்தில் போன் ஒவ்வொரு அலைவரிசையாகத் துழாவும். இரட்டை சிம் என்றால் கேட்கவே வேண்டாம்.

செட்டிங்ஸில் சிக்னல் அளவு மைனஸ் 115 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம்) பக்கம் காட்டினால் ரொம்ப மோசம். இரவுப் பயணமா? ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தூங்குங்கள், அலாரம் அடிக்கும். அப்புறம், வீட்டில் வைஃபையை அணைக்காதீர்கள். பெரும்பாலும் மொபைல் டேட்டாவைவிட அதுதான் சிக்கனம்.