செயலிக்கு அகப்படாத எட்டுக் குமிழ்கள்

அன்புள்ள ஐயா,
தென் பிலிப்பைன்ஸின் குலிந்தாங் என்ற சேகண்டி வாத்தியம் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியைப் படித்துவிட்டு நாலைந்து காணொளிகள் கேட்டேன். ட்யூனர் செயலியில் வைத்துப் பார்த்தால் எந்த ஸ்வரத்திலும் நிற்கவில்லை. ஒரு செட்டின் சுருதி இன்னொன்றில் இல்லை. சுருதி சேர்க்க அவர்களுக்குத் தெரியாதா? முஸ்லிம்கள் இதை வாசிக்கலாமா? யாரிடமிருந்து தொடங்குவது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மத விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளிவாசலுக்குள் வாசிப்பதில்லை, கல்யாணத்தில் வாசிக்கிறார்கள். இஸ்லாம் அங்கே வருவதற்கு முன்பிருந்தே சேகண்டி இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் செயலி! உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. போன வாரம்தான் என் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் குறை என்று எழுதியதைத்தான் நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கயிற்றின் மேல், கவிழ்த்த சட்டி மாதிரி, நடுவில் குமிழ் வைத்த எட்டு சேகண்டிகள். ஒவ்வொரு வீட்டுச் செட்டுக்கும் ஒவ்வொரு குரல். பக்கத்து வீட்டுச் செட்டில் உட்கார்ந்தாலும் ஒரு மகிந்தனாவ் இனத்து முஸ்லிம் பெண் அதே உருப்படியை வாசிப்பாள், கேட்பவர்களும் இது பினாலிக், இது சினுலோக் என்று உருப்படியின் வகையைக் கண்டுகொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் பிடித்து வைத்திருப்பது ஸ்வரத்தின் உயரத்தை அல்ல, தாளக்கட்டையும் அது ஏறி இறங்கும் வளைவையும்தான். கண்டிங்கான் என்று தொங்கவிட்ட நாலு பெரிய சேகண்டிகள் உண்டு, அதில் மகிந்தனாவ் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே தட்டி, நேரில் பேசிக்கொள்ள முடியாத காதலர்கள் சேதி சொல்லிக்கொண்டார்கள். உங்கள் செயலி இதில் எந்த ஸ்வரத்தைக் காட்டும்?

கோத்தபாத்தோ பக்கம் ஒரு கல்யாண வீட்டில் நானும் இதே அசட்டுத்தனத்தைச் செய்தேன். குச்சிகளை வாங்கி ச-ரி-க தேடினேன். வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய ஆறாவது சேகண்டி விளிம்பில் வெடித்து, தகரம் மாதிரி 'டக்'கென்றது. இதை மாற்றக்கூடாதா என்று கேட்டேன், மொழிபெயர்க்க வேண்டிய மருமகன் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அது அவர் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த செட் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த 'டக்'கையும் விடாமல், எங்கே விழ வேண்டுமோ அங்கே விழ வைத்துத்தான் வாசித்தார்.

சரி, யாரிடமிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். டனோங்கன் கலண்டுயான். டாட்டு பியாங் ஊர்க்காரர், 1976-ல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய் அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர், 2016-ல் காலமானார். அவர் வாசிப்பைத் தேடிக் கேளுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.