மட்டக்களப்பில் நான்கு நாள் சொகுசு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கொழும்பில் வேலை பார்க்கும் கணவன் மனைவி நீங்கள். நல்ல விடுதி, ஸ்பா, சாப்பாடு, இயற்கை நான்கும் சேர்ந்த நான்கு நாள் விடுமுறைக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வரலாமா, கொடுக்கும் காசுக்குப் பெறுமதி இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். ஆனால் விடுதியில் வாங்க வேண்டியது எது, வெளியே வாங்க வேண்டியது எது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டு வந்தால்தான் காசுக்குப் பெறுமதி கிடைக்கும். இந்தப் பிரிப்பை நான் கொஞ்சம் என் காசிலும், பெரும்பாலும் என் அண்ணாவின் கனடாக் காசிலும் கற்றுக்கொண்டேன்.

நான் மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடிக்காரன், ஆசிரியர். 2002 இல், நாங்கள் சமாதான காலம் என்று சொல்லும் அந்தக் குறுகிய இடைவெளியில், கலியாணமான புதிதில் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சோற்றுப் பொதியுடன், நகரத்துக்கு வடக்கே உள்ள பாசிக்குடாக் கடற்கரைக்குப் போனபோது, போருக்கு முன்னர் வெள்ளைக்காரப் பயணிகள் தங்கிய பழைய விடுதிகளின் இடிந்த சுவர்களும் அவற்றின் நிழலில் படுத்திருந்த மாடுகளும்தான் எங்களை வரவேற்றன. பிறகு 2004 இல் சுனாமி வந்தது. 2009 இல் போர் முடிந்தது. 2011 அளவில் இருந்து புதிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மாலு மாலு, அமாயா பீச், உகா பே, மாலைதீவு நிறுவனம் ஒன்று நடத்தும் சன் சியாம் என்று அந்தக் குடாவின் வளைவு முழுவதும் இன்று விடுதிகள்தான். (மாலு என்றால் சிங்களத்தில் மீன். ஆகவே முதலாவது விடுதியின் பெயர் ‘மீன் மீன்’. இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பை அந்த வரவேற்பறைப் பிள்ளைகள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.)

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் பிழைவிட்டால் மற்ற எதையும் திருத்த முடியாது. அண்ணா முதன்முறை தன் குடும்பத்தோடு வந்தது டிசம்பரில்; கனடாவில் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. எங்கள் பக்கத்து மழையின் பெரும்பகுதி வாடைக்காற்றோடு நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ப்பது என்பதை ஊரில் பிறந்தவரே மறந்துவிட்டார். கடல் சேற்று நிறத்தில் குமுற, இரண்டு நாளும் அறைக்குள் இருந்து தொலைக்காட்சி பார்த்தோம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்ததுதான் மிச்சம். மறுமுறை ஜூனில் வந்தார். அப்போது அடிப்பது கச்சான் காற்று. கொழும்பில் கச்சான் என்றால் கடலை மட்டும்தான்; எங்களுக்கு அது தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து, ஈரமெல்லாம் மலைநாட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, சூடாகவும் வறட்சியாகவும் வரும் காற்றின் பெயருமாகும். உதடு வெடிக்கும், துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஆனால் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் பாசிக்குடாக் கடல் அந்த மாதங்களில் குளம்போலக் கிடக்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை எப்போது வந்தாலும் கடலால் ஏமாற மாட்டீர்கள்.

விடுதிக்குக் காசு கொடுப்பது எதற்கு? என் கணக்கில் மூன்றுக்கு: விடியற்காலைக் கடல், நல்ல தூக்கம், எண்ணெய். கடல் எல்லோருக்கும் பொது, பாசிக்குடாவில் பொதுமக்கள் குளிக்கும் பகுதியும் இருக்கிறது, பிறகெதற்கு அறைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஐந்தே முக்கால் மணிக்கு, சூரியன் கடலுக்குள்ளிருந்து தலைகாட்டும் நேரத்தில், உடுத்த துணியோடு படுக்கையிலிருந்து எழுந்து ஐம்பது அடி நடந்து தண்ணீருக்குள் இறங்குவதற்காகத்தான். அந்த நேரத்தில் அலை என்று சொல்வதற்கு எதுவும் இருக்காது. கரையை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு சிறு மடிப்பு மட்டும் இருக்கும். நடந்துகொண்டே போகலாம், தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையிலேயே நிற்கும். நீச்சல் தெரியாத என் மனைவி, கடலுக்குள் நின்றபடி தன் கால்விரல்களைக் குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, “இஞ்சாருங்க, பத்தும் இருக்கு” என்றாள். எட்டு மணிக்குப் பிறகு படகுக்காரர்களும் பஸ்களில் வரும் கூட்டமும் வந்துவிடும். வார இறுதியிலும் போயா (பூரணை) விடுமுறையிலும் சொல்லவே வேண்டாம். ஆகவே செவ்வாய், புதன் நாட்களில் அறை எடுங்கள். இலங்கையர்களுக்கான விலை தனியாக உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள்; பெரும்பாலும் உண்டு, இணையத்தில் முதலில் கண்ணில் படுவது வெளிநாட்டவருக்கான விலையாக இருக்கலாம்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன விடுதிகளில் ஒன்றின் வாயிற்காவலர், முன்பதிவு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னர், “சும்மா பார்க்க வந்தீங்களா?” என்று கேட்டார். பின்னால் காரில் வந்த வெளிநாட்டவரிடம் அந்தக் கேள்வி இல்லை. அண்ணா கோபப்பட்டார், எனக்கு, சோற்றுப் பொதியோடு போன நாள் நினைவுக்கு வந்ததால், கோபம் வரவில்லை. உள்ளே தமிழ் பேசும் உள்ளூர்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், அவர்களிடம் தமிழிலேயே பேசுங்கள். எந்த மேசை காற்றோட்டமானது, எந்த மீன் இன்று வந்தது என்ற செய்தி அப்போதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

ஸ்பாவைப் பற்றி எனக்கு இளக்காரம் இருந்தது. சனிக்கிழமைகளில் அம்மா உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தட்டி, வெயிலில் நிறுத்தி, அவித்த தேசிக்காயால் தேய்த்து முழுக வார்த்த பிள்ளைக்கு, அதையே மங்கிய விளக்கொளியில் காசு கொடுத்துச் செய்துகொள்வது வேடிக்கையாகப் பட்டது. நீராவிப் பெட்டிக்குள் உட்கார வைத்தபோதும், தடிமன் காய்ச்சலுக்குப் போர்வைக்குள் வேது பிடித்த நினைவுதான் வந்தது. ஆனால் நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாராவுக்குப் படுத்த பிறகு என் எண்ணம் மாறியது. மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து இளஞ்சூட்டு எண்ணெய் நூல் பிடித்தாற்போல இறங்கி, புருவங்களுக்கு நடுவில் விழுந்து, தலைமயிருக்குள் பிரிந்து ஓடும். முதல் ஐந்து நிமிடம் திருத்தாத விடைத்தாள்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. அம்மாவின் முழுக்கில் தலையில் விழும் தட்டும் திட்டும் இருந்தன. இங்கே யாரும் பேசவில்லை, அந்த மௌனத்துக்குத்தான் காசு. நீண்ட ஸ்பா பேக்கேஜ்கள் எல்லாம் வேண்டாம், ஒரு மணித்தியாலம் போதும். நேரத்தை மட்டும் கவனியுங்கள்: எல்லோரும் மாலையில் கேட்பார்கள், நீங்கள் நண்பகலில் கேளுங்கள். கச்சான் வெயிலில் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை வெளியே செய்வதற்கு எதுவும் இல்லை; கடலையும் மாலையையும் ஸ்பாவுக்குப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில்தான் விடுதிகள் தோற்கின்றன. காலை உணவு அறையோடு சேர்ந்தே வரும், அதைச் சாப்பிடுங்கள். இரவு பஃபேக்குச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நான் சாப்பிட்ட ஒன்றில் நண்டுக் கறி என்று எழுதி வைத்திருந்த பாத்திரத்துக்குள் கிடந்தது, உறைப்புக்கு அஞ்சும் விருந்தினருக்காகத் தேங்காய்ப் பாலில் குளிப்பாட்டி எடுத்த நண்டு. மட்டக்களப்புக்கு வந்துவிட்டு அப்படி ஒரு நண்டைச் சாப்பிடுவது பாவம். எங்கள் வாவி நண்டுக்கு, வறுத்து இடித்த தூளும் உள்ளியும் மிளகும் சேர்ந்த தடித்த குழம்பு வேண்டும். அடுப்பிலிருந்து இறக்குவதற்குச் சற்று முன்னர் ஒரு பிடி முருங்கையிலை போட வேண்டும், அந்த இலை வதங்கும்போது எழும் பச்சை மணம்தான் கறி முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதைச் சோற்றோடு சாப்பிடுவதைவிடப் பிட்டோடு சாப்பிட வேண்டும். பிட்டு குழம்பை உறிஞ்சிக்கொண்டு குழையாமல் நிற்கும். நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டே இடது கையால் மூக்கைத் துடைப்பதற்கு வெள்ளை மேசைவிரிப்பு சரிப்படாது. நகரிலும் கல்லடியிலும் வாவிக்கரையை ஒட்டிய சாதாரண விடுதிகளிலும் குடும்பங்கள் நடத்தும் தங்குமிடங்களிலும், காலையிலேயே சொல்லிவைத்தால் சந்தையில் வாங்கிச் சமைத்துத் தருவார்கள். சொல்லிவைக்காமல் இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் கிடைப்பது கொத்து ரொட்டி.

பக்கத்தில் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடி. மாலையில் ஒரு நடை போய் வட்டிலாப்பம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நோன்பு மாதமானால் பகலில் கடை திறந்திராது, நோன்பு திறந்த பிறகு தெருவே விழாவாக இருக்கும். தயிரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் இரண்டு இரவு பாசிக்குடாவில் என்றால், மூன்றாவது இரவை மட்டக்களப்பு நகரத்தில் வையுங்கள், அதுவும் வாவி தெரியும் அறையில். இங்கே ஆடம்பரம் குறைவு, ஆனால் வாவி இருக்கிறது. 56 கிலோமீற்றர் நீளம்; அதற்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று திசையையே ஊர்ப்பெயராக்கிக் கொண்ட மக்கள் நாங்கள். பகலில் புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கலாம். 1628 இல் போர்த்துக்கீசர் கட்டியதை, பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டனர். இரவில்தான் முக்கியமான வேலை. மீன்பாடும் தேனாடு என்று எங்கள் ஊரைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழைய கல்லடிப் பாலத்தருகே தோணிக்காரர் ஒருவரைப் பிடித்து, நிலவு நேரத்தில் நடு வாவிக்குப் போய்த் தோணியை நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் ஒரு நுனி தண்ணீருக்குள், மறு நுனி உங்கள் காதில். அண்ணாவின் மகன் எதுவும் கேட்கவில்லை என்று சலித்தபோது, தோணிக்காரப் பெரியவர், “மூச்ச அடக்கிக் கேளு மனே” என்றார். கேட்டது பாட்டல்ல, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போல, விட்டு விட்டு வந்த ஒரு மெல்லிய ரீங்காரம். பாடுவது மீனா, அடியில் கிடக்கும் ஊரி என்ற சங்கினமா என்ற வழக்கு எங்கள் ஊரில் இன்னும் தீரவில்லை. பூரணை இரவுதான் சிறந்தது என்பார்கள். ஆனால் பூரணை என்றால் போயா, போயாவில் மதுக்கடைகள் மூடியிருக்கும், கூட்டமும் கூடும். இவற்றால் சங்கடப்படுபவர்களாக இருந்தால் ஒருநாள் முன்னரோ பின்னரோ வாருங்கள், நிலவு அவ்வளவாகக் குறைந்துவிடாது. வாவியில் முதலை உண்டு, ஆகவே குளிக்கும் ஆசை வேண்டாம்.

நான்காம் நாள் அம்பாறைக்கு. இங்கே அறுகம்பையா, கல்லோயாவா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும். அறுகம்பை மட்டக்களப்பிலிருந்து சுமார் 110 கிலோமீற்றர் தெற்கே. அலைச்சறுக்குக்காரர்களின் ஊர், அதற்கப்பால் குமண பறவைகள் சரணாலயமும் உகந்தை முருகனும். அலைச்சறுக்கில் ஆர்வம் இல்லையென்றால் ஒருநாளுக்கு அது வீண் அலைச்சல். சொகுசு தேடும் உங்களுக்கு என் தெரிவு கல்லோயா. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போனால் மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும், ஒன்றில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போக வேண்டும். விளக்கும் மௌனமும் இல்லாத, தோளில் துவாயோடு வரிசையில் நிற்கும் ஊர்ச்சனங்களின் ஸ்பா அது. அங்கிருந்து உகன வழியாக அம்பாறை, பிறகு இங்கினியாகலை. சேனாநாயக்க சமுத்திரம் என்ற அந்தப் பெருங்குளத்தில் படகில் போய்த்தான் கல்லோயா தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டும். மற்றப் பூங்காக்களில் ஜீப்புகள் யானையைச் சுற்றி வளைப்பதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, இங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்ட படகில் காத்திருக்கும்போது, யானைகள் தும்பிக்கையை மட்டும் குழாய்போல மேலே நீட்டிக்கொண்டு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போகும் காட்சி கிடைக்கலாம். நாங்கள் போன நாளில் மூன்று தும்பிக்கைகள். நடுவில் இருந்தது சிறியது. பூங்காவை அண்டி காட்டுக்குள் நல்ல தங்குமிடங்களும் உண்டு. விடுதிச் செலவில் ஓர் இரவைப் பாசிக்குடாவிலிருந்து குறைத்து இங்கே போட்டாலும் நான் மறுக்க மாட்டேன்.

போக்குவரத்துக்கு, வரும்போது கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் வந்து வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கினால் பாசிக்குடா முச்சக்கர வண்டித் தூரம். அங்கிருந்து நகரத்துக்கு 35 கிலோமீற்றர். கல்லோயாவுக்கு மட்டும் வாடகை வான் பிடித்துக்கொள்ளுங்கள்.

தயிரைச் சொல்ல மறக்கவில்லை. படுவான்கரை எருமைப்பால் தயிரை மண்சட்டியோடு வாங்குங்கள். சட்டியைச் சற்றுச் சரித்துப் பார்க்க வேண்டும். தயிர் அசையக் கூடாது, ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் வேறு சட்டி கேளுங்கள். திரும்பும் நாளில் வாங்கி, கடதாசிக்கு மேல் துணியால் கட்டி, ரயிலில் உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டில் வைத்த அண்ணா, மட்டக்களப்பு தாண்டுவதற்குள் சட்டை மாற்ற வேண்டியதாயிற்று.