டிஸ்சார்ஜுக்கு முன்பே வெளிவேலையில் சேரலாமா?

படைப்பிரிவு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, சுபேதாராக ஓய்வுபெற்ற ஒருவர், டிஸ்சார்ஜுக்கு, அதாவது ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்படும் நாளுக்கு, முன்பே வேறு வேலை தேடுவது பற்றிப் படைவீரர்களும் குடும்பத்தினரும் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: சாப், எனக்கு இன்னும் மூன்று மாதத்தில் டிஸ்சார்ஜ். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு வேலை உறுதியாகிவிட்டது. உடனே வரச் சொல்கிறார்கள். 60 நாள் வருடாந்திர விடுப்பை எடுத்துக்கொண்டு சேர்ந்துவிடலாமா? (ஹவில்தார்)

சேராதீர்கள், தம்பி. விடுப்பில் இருப்பவரும் பணியில் இருப்பவரே. சம்பளம் வந்துகொண்டிருக்கிறது; 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் டிஸ்சார்ஜ் நாள்வரை உங்கள்மீது செல்லும். அனுமதியின்றி வேறு வேலை பார்த்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும். எந்த நேரத்திலும் உங்களைத் திரும்ப அழைக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1999இல் கார்கில் போர் மூண்டபோது விடுப்பில் ஊருக்கு வந்தவர்கள் பாதியிலேயே ரயிலேறினார்கள். அழைப்பு வந்தும் போகாமல் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தால் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, அதாவது அனுமதியின்றி வராமலிருந்த குற்றம், உங்கள்மேல் பாயும். பதினேழு ஆண்டு உழைப்பை இரண்டு மாதச் சம்பளத்துக்காகப் பணயம் வைக்கலாமா?

யாருக்கும் தெரியாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நிறுவனம் உங்கள் ஆதாரைக் கொண்டு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கினால், சேர்ந்த தேதி அதில் பதிவாகிவிடும். ஒரே பான் எண்ணில் இரண்டு சம்பளமும் வந்து நிற்கும். பின்னாளில் அரசு வேலை கிடைத்துச் சான்றுகளைச் சரிபார்க்கும்போது, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு தேதியும் வைப்பு நிதியில் அதற்கு முந்தைய தேதியும் இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

நிறுவனத்திடம் நேராகப் பேசுங்கள். டிஸ்சார்ஜுக்கு மறுநாளோ அதற்குப் பின்போ சேரும் தேதியைக் குறிப்பிட்டு நியமனக் கடிதம் கேளுங்கள். மூன்று மாத நோட்டீஸ் காலம் தனியார் துறைக்குப் புதிதல்ல. ஒழுங்குக்காகவே படைவீரரைத் தேடுகிறவர்கள் அவ்வளவு நாள் பொறுப்பார்கள். விடுப்பில் நேர்முகத் தேர்வுக்குப் போங்கள், வாடகை வீடு பாருங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையை முடியுங்கள். எடுக்காத விடுப்பில் விதி அனுமதிக்கும் பகுதிக்கு, பணிக்காலம் முழுவதுக்கும் சேர்த்து 300 நாள் வரை, கடைசியில் பணமாகக் கிடைக்கும்.

கேள்வி: ஐயா, என் கணவர் விடுப்பில் வந்திருக்கிறார். காவலாளி மேற்பார்வை வேலை இருக்கிறது, பதிவேட்டில் பெயர் வேண்டாம், சம்பளம் ரொக்கமாகத் தருகிறோம் என்று உறவினர் அழைக்கிறார். இதிலும் சிக்கல் உண்டா?

இதில்தான் அதிகம், அம்மா. அந்த இடத்தில் அவருக்கு அடிபட்டால் அது ராணுவப் பணியோடு தொடர்புடைய காயம் ஆகாது. ஊனத்துக்கான பென்ஷன் மறுக்கப்பட அதுவே போதும். பதிவேட்டில் பெயர் இல்லாததால் அங்கேயும் இழப்பீடு கேட்டுப் பெறுவது பெரும்பாடு. மருத்துவச் செலவும் குடும்பமும் உங்கள் தலையில் விழும். தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

கேள்வி: பணியில் இருக்கும்போதே மத்திய அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். இது பலருக்குத் தெரியாமல் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம். விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் பணிக்காலம் முடிகிறவர்கள் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டிலேயே விண்ணப்பிக்கலாம். அப்படி முடியும் என்று யூனிட்டில் சான்று வாங்க வேண்டும். தேர்ச்சி பெற்றாலும் விடுவிக்கப்பட்ட பிறகே சேர முடியும். மத்திய அரசின் ‘சி’ பிரிவில் ஒதுக்கீடு 10 சதவீதம். வயதில் ராணுவத்தில் இருந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அதன்மேல் 3 ஆண்டு சலுகையும் தருகிறார்கள். 38 வயதில் 17 ஆண்டைக் கழித்தால் 21தான்!

இன்னொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலையில் சேர்ந்ததும், அடுத்த அரசு வேலைக்கு அந்த ஒதுக்கீட்டு உரிமை பொதுவாக முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே விண்ணப்பித்த மற்ற பணியிடங்களின் பட்டியலைச் சேர்ந்தவுடன் எழுதிக் கொடுத்தால், அவற்றுக்கு மட்டும் உரிமை தொடரும். 2014 ஆகஸ்ட் மாத மத்திய அரசு ஆணை இதைச் சொல்கிறது. சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் அக்னிவீர். நான்கு ஆண்டு முடியவில்லை. நல்ல தனியார் வேலை கிடைத்திருக்கிறது. விலகிவிடலாமா?

சொந்த விருப்பத்தில் இடையில் விடுவிப்பது அரிது. அசாதாரணச் சூழலில் மட்டுமே அனுமதி. அப்படியே அனுமதித்தாலும், பணிக்கால முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதியில் உங்கள் பங்கும் அதன் வட்டியும்தான் கைக்கு வரும், அரசின் பங்கு வராது. முழுக் காலத்தையும் முடித்தால் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய், வருமான வரியும் இல்லை. முடித்துவிட்டு வா, தம்பி.

கேள்வி: டிஜிஆர் (ராணுவ மறுவாழ்வு இயக்குநரகம்) தரும் பயிற்சி வெளிவேலை தேட உதவுமா?

கட்டாயம். பணியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் சம்பளத்தோடு செல்லலாம், ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கும் கட்டணம் இல்லை. முறைப்படியான வழி இது. யூனிட்டில் பெயர் கொடுக்கத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: விடுப்பில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்காரலாமா?

வீட்டாருக்குக் கைகொடுப்பதை யாரும் வேலை என்று சொல்ல மாட்டார்கள். சம்பளமாக எதுவும் வாங்காதீர்கள். கடை உரிமத்தையும் ஜிஎஸ்டி பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றுவதை டிஸ்சார்ஜுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.